கொண்டுசேர்ப்பது யார் பொறுப்பு?

அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் நடந்த ஒரு கோளாறை ஜெரோம் சால்ட்சர், டேவிட் ரீட், டேவிட் கிளார்க் ஆகிய மூவர் தங்கள் ஆய்வுரையில் பதிந்துவைத்திருக்கிறார்கள். அங்கே பல உள்ளூர் வலையமைப்புகளை இடைக்கணினிகள் இணைத்திருந்தன. ஓர் இடைக்கணினியிலிருந்து அடுத்ததற்குத் தரவு போகும் ஒவ்வொரு கட்டத்திலும், பிழையில்லாமல் வந்ததா என்று சோதிக்கும் ஏற்பாடு இருந்தது. அதை நம்பிய நிரலாளர்கள் தங்கள் பக்கத்தில் தனியாகச் சோதிக்கவில்லை. ஆனால் கோளாறு ஓர் இடைக்கணினியின் உள்ளேயே இருந்தது. வந்த தரவை நினைவகத்தின் ஒரு பகுதியிலிருந்து இன்னொன்றுக்குப் பிரதியெடுக்கையில், ஏறத்தாழ 10 லட்சம் பைட்டுக்கு ஒரு முறை, ஒரு ஜோடி பைட்டுகளை அது இடம் மாற்றிவிட்டது. கம்பியில் பிழை ஏதுமில்லாததால் எந்தச் சோதனையிலும் இது சிக்கவில்லை. ஓர் இயங்குதளத்தின் மூலநிரல் கோப்புகள் அந்த வழியே திரும்பத் திரும்பப் போய்வந்ததில் சில கோப்புகள் சிதைந்தன. கடைசியில் பழைய அச்சுப்படிகளை எடுத்துவைத்துக்கொண்டு கண்ணால் ஒப்பிட்டுத் திருத்த வேண்டியதாயிற்று.

தரவு சரியாகப் போய்ச்சேர்வதற்கு யார் பொறுப்பு? நடுவில் உள்ள வலையமைப்பா, இரு முனைகளிலும் உள்ள கணினிகளா? கணினிகள் பேசிக்கொள்ளக் கடந்த 60 ஆண்டுகளில் எழுதப்பட்ட நெறிமுறைகளை இந்தக் கேள்வியோடு படித்தால் அவற்றின் காரண காரியம் துலங்கும் என்பது என் எண்ணம். நம் கல்லூரிப் பாடங்கள் ஓஎஸ்ஐ மாதிரியின் ஏழு அடுக்குகளை வரிசை பிசகாமல் ஒப்பிக்கச் சொல்லித்தருகின்றன. எந்த வேலையை எந்த அடுக்கில் வைத்தார்கள், ஏன் அங்கே வைத்தார்கள் என்ற வாதத்தைச் சொல்லித்தருவதில்லை. வாதம் தெரியாதவருக்கு அடுக்குகள் வெறும் பெயர்ப்பட்டியல்.

தொலைபேசி வலையமைப்பு பொறுப்பு முழுவதையும் தன் தலையில் சுமந்தது. ஒருவர் இன்னொருவரை அழைத்ததும் எக்ஸ்சேஞ்சுகள் வழியாக இருவருக்கும் இடையே ஒரு பாதை ஒதுக்கப்படும். பேசினாலும் சும்மா இருந்தாலும், ரிசீவரை வைக்கும்வரை அந்தப் பாதை அவர்களுக்கே உரியது. மனிதப் பேச்சுக்கு இது பொருந்தியது. கணினிகளின் போக்கு வேறு. ஒரு கணம் தரவைக் கொட்டும், பிறகு நெடுநேரம் ஒன்றுமே அனுப்பாது. அதற்காக ஒரு பாதையை முழுதாக ஒதுக்கிவைப்பது பெரும் விரயம்.

இந்தச் சிக்கலுக்கு ஒரே விடையை இருவர், ஒருவரையொருவர் அறியாமல், கண்டடைந்தார்கள். அமெரிக்காவின் ராண்ட் நிறுவனத்தில் இருந்த பால் பேரனின் கவலை அணுகுண்டுத் தாக்குதல். பாதி நிலையங்கள் அழிந்தாலும் மீதி நிலையங்கள் வழியே செய்தி போக வேண்டும் என்று யோசித்தவர், செய்தியைச் சிறு துண்டுகளாக்கி ஒவ்வொன்றையும் தனித்தனியே வழிதேட விடலாம் என்று 1964-இல் விரிவாக எழுதினார். இங்கிலாந்தின் தேசிய இயற்பியல் ஆய்வகத்தில் இருந்த டொனால்ட் டேவிஸுக்குப் போர்க்கவலை இல்லை. ஒரு பெரிய கணினியைத் தொலைவிலுள்ள பலர் பகிர்ந்துகொள்ளும்போது ஆகும் கம்பிச் செலவை எப்படிக் குறைப்பது என்பதே 1965-இல் அவர் யோசனை. துண்டுகளுக்குப் பாக்கெட், அதாவது பொதி, என்று பெயர் வைத்தவர் அவர். பேரனின் திட்டத்தை ஏடி அண்டு டி தொலைபேசி நிறுவனம் ஏற்க மறுத்துவிட்டது. பாதையை ஒதுக்காமல் தகவல்தொடர்பு நடக்கும் என்பதை அந்தப் பொறியாளர்களால் நம்ப முடியவில்லை.

1969-இல் அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஆர்பா பணத்தில் ஆர்பாநெட் பிறந்தபோது பொதிகள் நடைமுறைக்கு வந்துவிட்டன. பொறுப்பு மட்டும் இடம் மாறவில்லை. பிபிஎன் நிறுவனம் கட்டிய ஐஎம்பி என்ற இடைக்கணினிகள் ஒன்றுக்கொன்று ஒப்புகை அனுப்பின, தொலைந்ததைத் திரும்ப அனுப்பின, செய்திகளை வரிசைப்படுத்திக் கொடுத்தன. முனைக்கணினி வலையமைப்பை நம்பியிருந்தால் போதும். இந்த நம்பிக்கையைக் கலைத்தவர் பிரான்சின் லூயி பூசான். 1970-களின் தொடக்கத்தில் அவர் கட்டிய சிக்லாட் வலையமைப்பில் நடுப்பகுதி எந்த உறுதியும் தரவில்லை. பொதி தொலையலாம், வரிசை மாறி வரலாம். சரிசெய்வது முனைகளின் வேலை. நடுவில் உள்ளவை இலகுவாக இருந்ததால் வலையமைப்பைக் கட்டுவது எளிதாயிற்று. தொலைபேசித் துறையினர் இதை எதிர்த்தார்கள். பொறுப்பை வலையமைப்பே ஏற்கும் எக்ஸ்.25 என்ற நெறிமுறையை 1976-இல் தங்கள் தரமாக அறிவித்தார்கள். சிக்லாட்டுக்கு அரசு தந்த பணமும் அந்தப் பத்தாண்டின் முடிவுக்குள் நின்றுபோயிற்று. கணினி வரலாற்றில் பூசானுக்குக் கிடைக்க வேண்டிய இடம் இன்னும் முழுதாகக் கிடைக்கவில்லை என்றே நினைக்கிறேன்.

அவர் யோசனை வேறு வழியாகப் பிழைத்தது. அமெரிக்கப் பொறியாளர்கள் வின்ட் செர்ஃப், ராபர்ட் கான் இருவர் முன்னும் இருந்த சிக்கல் ஒரே வலையமைப்பைக் கட்டுவதன்று. கம்பிவழி ஆர்பாநெட், வானொலி வழிப் பொதிகள், செயற்கைக்கோள் இணைப்பு என்று குணத்தில் ஒட்டாத வலையமைப்புகளை ஒன்றோடொன்று பேசவைக்க வேண்டியிருந்தது. ஒவ்வொன்றுக்கும் பொதியின் அளவு வேறு, தாமதம் வேறு, பிழை விகிதம் வேறு. எல்லாவற்றிடமும் உயர்ந்த தரத்தைக் கேட்டால் பாதி வலையமைப்புகள் சேர முடியாது. ஆகவே எதனிடமும் ஏறக்குறைய எதுவுமே கேட்பதில்லை என்று முடிவுசெய்தார்கள். முடிந்தால் பொதியை அடுத்தவரிடம் கொடு, முடியாவிட்டால் கைவிடு. 1974 மே மாதம் வெளிவந்த அவர்களது கட்டுரையில் எல்லா வேலையும் ஒரே நெறிமுறையில் இருந்தது. 1978-இல் அதை இரண்டாகப் பிரித்தார்கள். முகவரி பார்த்துப் பொதியை நகர்த்தும் வேலை ஐபிக்கு. தொலைந்ததை மீட்டு வரிசைப்படுத்தும் வேலை டிசிபிக்கு. பிரித்ததற்கு முக்கியமான காரணம் பேச்சு. நேரடியாகப் பேசும்போது தொலைந்துபோன அரை அசையை ஒரு நொடி கழித்து மீட்டுக்கொடுத்துப் பயனில்லை, அதை விட்டுவிட்டு மேலே போவதே நல்லது. அத்தகைய தேவைகளுக்காக யுடிபி என்ற மெல்லிய நெறிமுறை 1980-இல் வந்தது. 1983 ஜனவரி 1 அன்று ஆர்பாநெட் முழுதும் டிசிபி, ஐபிக்கு மாறியது.

ஓர் ஐபி பொதியைத் திறந்து பார்த்தால் இந்த முடிவு அதன் உடம்பிலேயே எழுதியிருக்கும். தலைப்பகுதி குறைந்தது 20 பைட். அனுப்புபவர் முகவரி 32 பிட், பெறுபவர் முகவரி 32 பிட், மொத்த நீளம், உள்ளே இருப்பது எந்த நெறிமுறைக்கு உரியது என்ற எண் (டிசிபிக்கு 6, யுடிபிக்கு 17). ஆயுள் என்று சொல்லத்தக்க ஓர் எண்ணும் உண்டு. பொதி தொடங்கும்போது அது 64 என்றோ 128 என்றோ இருக்கும். வழியில் கடக்கும் இடைக்கணினி, அதாவது ரவுட்டர், ஒவ்வொன்றும் அதில் ஒன்றைக் கழிக்கும். பூஜ்யமானால் பொதியைக் கைவிட்டு, அனுப்பியவருக்குத் தகவல் சொல்லும். வழி தவறிய பொதிகள் முடிவில்லாமல் சுற்றாதிருக்கச் செய்த ஏற்பாடு இது. ஆயுளை வேண்டுமென்றே 1, 2, 3 என்று வைத்து அனுப்பி, எந்தெந்த ரவுட்டர் கைவிட்டது என்று கேட்டறிந்து வழியை வரைந்துகொள்ளும் டிரேஸ்ரூட் கருவி இதிலிருந்து பிறந்ததுதான்.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஐபியின் நான்காம் பதிப்பில் பிழையைக் கண்டறிய உள்ள சரிபார்ப்புத் தொகை தலைப்பகுதியை மட்டுமே காக்கிறது. சுமந்துவரும் தரவைத் தொடுவதில்லை. ஆறாம் பதிப்பில் அதையும் எடுத்துவிட்டார்கள். எம்.ஐ.டி. சம்பவத்தை அறிந்தவருக்கு இதன் நியாயம் புரியும். நடுவில் செய்யும் சோதனை எத்தனை கடுமையாக இருந்தாலும் கடைசியில் முனையில் ஒரு முறை சோதித்தே ஆகவேண்டும். அப்படிச் சோதித்துவிட்டால் நடுவில் செய்தது பெரும்பாலும் மிகைச்செலவு. இதுவே சால்ட்சர் முதலான மூவரின் வாதம். அவர்கள் இதை மதக்கொள்கையாக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். வேகத்துக்காக நடுவில் சில உதவிகளைச் செய்வதில் தவறில்லை, அந்த உதவியைப் பொறுப்பு என்று எண்ணிவிடக் கூடாது என்பதே அவர்கள் வரம்பு. பின்னால் வந்த பலர் முதல் பாதியை மட்டும் மேற்கோள் காட்டினார்கள்.

முனையில் டிசிபி என்ன செய்கிறது? ஈதர்நெட்டில் ஒரு பொதி வழக்கமாக 1,500 பைட் வரை இருக்கலாம். ஐபி, டிசிபி தலைப்பகுதிகள் 40 பைட் போக 1,460 பைட் தரவு. 3 மெகாபைட் புகைப்படம் ஒன்றை அனுப்பினால் 2,000-க்கும் மேற்பட்ட பொதிகள். முதலில் இரு கணினிகளும் மூன்று செய்திகளில் அறிமுகமாகி, எந்த எண்ணிலிருந்து எண்ணப்போகிறோம் என்று சொல்லிக்கொள்கின்றன. அதன் பிறகு ஒவ்வொரு பைட்டுக்கும் வரிசை எண் உண்டு. பெறுபவர், இதுவரை இடைவெளியில்லாமல் வந்தது எதுவரை என்று ஒப்புகை அனுப்பிக்கொண்டே இருப்பார். குறித்த நேரத்துக்குள் ஒப்புகை வராவிட்டாலோ, ஒரே ஒப்புகை திரும்பத் திரும்ப வந்தாலோ, நடுவில் ஏதோ தொலைந்தது என்று அனுப்புபவர் புரிந்துகொண்டு மறுபடி அனுப்புவார். யாரும் யாரிடமும் புகார் சொல்வதில்லை. தொலைந்ததை மௌனத்திலிருந்து ஊகிக்கிறார்கள்.

ஒவ்வொரு பொதிக்கும் ஒப்புகை வரும்வரை காத்திருந்தால் ஆமை வேகம்தான். சென்னையிலிருந்து சிங்கப்பூருக்குக் கடலடியில் போகும் ஐ2ஐ கேபிள் ஏறத்தாழ 3,200 கிலோமீட்டர் நீளம். கண்ணாடி இழையில் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகும். ஆகப் போக 16 மில்லிநொடி, வர 16 மில்லிநொடி. இந்த 32 மில்லிநொடியை எந்தப் பொறியாளராலும் குறைக்க முடியாது. 100 மெகாபிட் வேக இணைப்பை நிரப்ப வேண்டுமானால் எந்த நேரத்திலும் சுமார் 4 லட்சம் பைட், அதாவது ஏறத்தாழ 270 பொதிகள், ஒப்புகை பெறாமல் வழியில் இருந்தாக வேண்டும். டிசிபியை முதலில் எழுதியவர்கள் இந்த அளவைக் குறிக்க 16 பிட்தான் ஒதுக்கியிருந்தார்கள். உச்சவரம்பு 65,535 பைட். அந்த வரம்போடு இந்தத் தூரத்தைக் கடந்தால், கேபிள் எத்தனை அகலமாக இருந்தாலும், ஓர் இணைப்புக்கு 16 மெகாபிட் சொச்சம்தான் கிடைக்கும். 1992-இல் அந்த எண்ணைப் பெருக்கிக்கொள்ளும் ஒரு திருத்தம் வந்தது. நடுவில் இருந்த ஒரு ரவுட்டரைக்கூட மாற்ற வேண்டியிருக்கவில்லை. இரு முனைகள் ஒப்புக்கொண்டாலே போதுமாக இருந்தது. முனையில் பொறுப்பை வைத்ததற்குக் கிடைத்த பலன்களில் இது மிகப் பெரியது.

அதே ஏற்பாட்டின் ஆபத்து 1986 அக்டோபரில் வெளிப்பட்டது. லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்துக்கும் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்துக்கும் இடையே தூரம் 400 கஜம். அவற்றுக்கிடையே நொடிக்கு 32,000 பிட் போய்க்கொண்டிருந்த இணைப்பு நொடிக்கு 40 பிட்டாக விழுந்தது. கருவி எதுவும் பழுதாகவில்லை. நெரிசலில் பொதிகள் தொலைய, தொலைந்ததைப் பார்த்த கணினிகள் எல்லாம் உடனே மறுபடி அனுப்ப, அதனால் நெரிசல் கூடி இன்னும் அதிகம் தொலைந்தது. ஒவ்வொரு முனையும் தன் கடமையை ஒழுங்காகச் செய்தது. மொத்த வலையமைப்பும் அதனாலேயே மூச்சுத் திணறியது.

இதை அவிழ்த்தவர் அந்த ஆய்வகத்தில் இருந்த வான் ஜேக்கப்சன். மைக்கேல் கேரல்ஸ் உடன் சேர்ந்தார். 1988-இல் வெளிவந்த ஜேக்கப்சனின் கட்டுரையின் சாரம் இது: பழைய பொதி ஒன்று வழியை விட்டு வெளியேறிய பிறகே புதியது ஒன்றை உள்ளே விடு. தொடங்கும்போது ஒன்றிரண்டு பொதியோடு தொடங்கி, ஒப்புகை வர வர அளவைக் கூட்டு. பொதி தொலைந்தால் அதை நெரிசலின் அறிகுறியாக எடுத்துக்கொண்டு வேகத்தைச் சட்டென்று குறை. பிறகு மெதுவாக ஏறு. கூட்டும்போது சிறிது சிறிதாகவும் குறைக்கும்போது பாதியாகவும் செய்தால், ஒரே வழியைப் பகிரும் பலரும் நாளடைவில் ஏறத்தாழச் சமமான பங்குக்கு வந்துசேர்வார்கள் என்பதை 1989-இல் டா மிங் சியூவும் ராஜ் ஜெயினும் கணித முறையில் காட்டினார்கள். மைய அதிகாரி யாரும் இல்லை, ஒருவருக்கு இன்னொருவர் இருப்பதே தெரியாது. அப்படியிருந்தும் பங்கீடு நடக்கிறது. பொறியியலில் இதைவிட அழகான முடிவுகள் குறைவு.

ஆனால் தொலைவதெல்லாம் நெரிசலால் அல்ல. கம்பியில்லா இணைப்பில் சுவர் மறைத்தாலும் மழை கொட்டினாலும் பொதி தொலையும். டிசிபி அதையும் நெரிசல் என்று கொண்டு தேவையில்லாமல் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதனால்தான் வைஃபையும் 4ஜி கோபுரங்களும் தங்கள் சிறு எல்லைக்குள் தொலைந்ததைத் தாங்களே திரும்ப அனுப்பிவிடுகின்றன. சால்ட்சர் குழு அனுமதித்த அந்த நடு உதவி இதுவே. எதிர்த்திசையிலும் ஒரு கோளாறு வந்தது. நினைவகம் மலிவானதும் மோடம்களிலும் ரவுட்டர்களிலும் பெரிய பெரிய காத்திருப்புக் கிடங்குகளை வைத்தார்கள். எந்தப் பொதியையும் தொலைக்கக் கூடாது என்ற நல்லெண்ணம். விளைவாக நெரிசல் வந்தும் பொதி தொலையாமல் வரிசையில் தேங்கியது, அனுப்புபவருக்கு அறிகுறி எட்டவில்லை, தாமதம் நொடிக்கணக்கில் ஏறியது. வீட்டில் ஒருவர் பெரிய கோப்பை ஏற்றும்போது இன்னொருவரின் வீடியோ அழைப்பு திக்குவதற்கு இது வழக்கமான காரணம். 2010 வாக்கில் நிரலாளர் ஜிம் கெட்டிஸ் இதை ஊரறியச் செய்தார். 2016-இல் கூகுள் வெளியிட்ட பிபிஆர் முறை, தொலைவதற்குக் காத்திராமல், போய்வரும் நேரத்தையும் கிடைக்கும் வேகத்தையும் அளந்து முடிவெடுக்கிறது. பழைய முறையில் இயங்குபவர்களின் பங்கை அது சில சூழல்களில் பறித்துக்கொள்கிறதா என்ற விவாதம் ஓயவில்லை.

இதுவரை சொன்னதில் நடுப்பகுதி பொதிகளைத் தொலைத்ததோ தேக்கியதோ சிதைத்ததோதான் பிரச்சினை. நடுப்பகுதி வழியையே தவறாகச் சொன்னால்? எந்த முகவரிக்கு எந்த வழி என்பதைப் பெரிய வலையமைப்புகள் பிஜிபி என்ற நெறிமுறையில் ஒன்றுக்கொன்று சொல்லிக்கொள்கின்றன. 1989-இல் பொறியாளர்கள் கிர்க் லாஹீடும் யாக்கோவ் ரெக்டரும் சாப்பாட்டு இடைவேளையில், கையில் கிடைத்த துடைப்புத் தாளில் வரைந்த திட்டம் அது. சொல்பவர் உண்மை சொல்கிறார் என்று அது நம்புகிறது. 2008 பிப்ரவரி 24 அன்று பாகிஸ்தான் டெலிகாம், அரசு ஆணைப்படி யூடியூபைத் தன் நாட்டுக்குள் தடுக்க, அதன் முகவரிகளில் 256-க்கு நானே வழி என்று உள்ளே அறிவித்தது. அறிவிப்பு வெளியே கசிந்தது. யூடியூப் அறிவித்திருந்தது 1,024 முகவரிகள் கொண்ட தொகுதி. சிறிய தொகுதியைக் குறிப்பாகச் சொல்பவருக்கே முன்னுரிமை என்பது விதி. உலகின் பெரும்பகுதியில் யூடியூபுக்குப் போக வேண்டிய பொதிகள் சுமார் இரண்டு மணி நேரம் பாகிஸ்தானை நோக்கிப் போய் மறைந்தன. இங்கே முனைகள் எத்தனை கவனமாக இருந்தும் பயனில்லை. இந்த முகவரியை அறிவிக்க இவருக்கு உரிமை உண்டு என்று மின்கையொப்பத்தால் சரிபார்க்கும் ஆர்பிகேஐ முறை மெல்லப் பரவிவருகிறது. என் பார்வையில் இது விருப்பத்துக்கு விடப்பட வேண்டிய காரியமல்ல; இணைய இணைப்பு விற்கும் ஒவ்வொருவருக்கும் கட்டாயமாக்கப்பட வேண்டியது.

நடுப்பகுதி தன் அடக்கத்தை விட்டதற்கு ஒரு காரணம் முகவரிப் பஞ்சம். 32 பிட்டில் சுமார் 430 கோடி முகவரிகள். உலக அளவில் கையிருப்பின் கடைசித் தொகுதிகள் 2011 பிப்ரவரி 3 அன்று பகிர்ந்தளிக்கப்பட்டன. அதற்கு முன்பே ஒரு பொது முகவரியின் பின்னால் பல கணினிகளை ஒளித்துவைக்கும் என்ஏடி வழக்கத்துக்கு வந்திருந்தது. வழியில் ஒரு பெட்டி பொதியின் முகவரியையும் போர்ட் எண்ணையும் திருத்தி எழுதும், யார் எதை அனுப்பினார் என்று கணக்கு வைத்துக்கொள்ளும். பஞ்சத்துக்கு அது சோறு போட்டது உண்மை. ஆனால் வெளியிலிருந்து வீட்டுக் கணினியை நேரே அழைக்கும் உரிமை போயிற்று. சேவை நிறுவனம் ஒரே முகவரியை நூற்றுக்கணக்கான வீடுகளுக்குப் பங்கிடும்போது, ஒருவர் செய்த தவறுக்கு எல்லோரும் தடுக்கப்படுகிறார்கள். 128 பிட் முகவரி கொண்ட ஐபி ஆறாம் பதிப்பு 1990-களிலேயே தயார். இந்தியா அதில் முன்வரிசைக்கு வந்ததற்குப் பெருங்காரணம், 2016-இல் தொடங்கிய ஜியோ தன் 4ஜி வலையமைப்பை முதல் நாளிலிருந்தே அதன்மேல் கட்டியது. பழைய முகவரிகள் கையில் நிறைய இல்லாத, தாமதமாக வந்த நாட்டுக்கு வாய்த்த அனுகூலம் அது.

நடுவில் உட்கார்ந்த இந்தப் பெட்டிகள் இன்னொரு தடையாகவும் ஆயின. என்ஏடி, தீச்சுவர் முதலியவை டிசிபியையும் யுடிபியையும் மட்டுமே அறிந்தவை. தெரியாததைக் கண்டால் தள்ளிவிடும். 2000-இல் வந்த எஸ்சிடிபி என்ற நல்ல நெறிமுறை பொது இணையத்தில் பரவாமல் தொலைபேசி நிறுவனங்களின் உள்வேலைகளோடு நின்றதற்கு இது முக்கியக் காரணம். டிசிபியில் புதிய வசதி சேர்த்தாலும் அதன் தலைப்பகுதியைப் படிக்கும் ஏதோ ஒரு பெட்டி குழம்பியது. கூகுளில் தொடங்கி 2021 மே மாதம் தரமாக்கப்பட்ட குயிக் நெறிமுறை, இந்தத் தடையைத் தவிர்க்க, யுடிபிக்குள் புகுந்துகொண்டது. வரிசை எண், ஒப்புகை, நெரிசல் கட்டுப்பாடு எல்லாவற்றையும் முனைகளின் நிரலுக்குள் எடுத்துச்சென்று, தலைப்பகுதியின் பெரும்பாலானவற்றையும் சங்கேதத்தால் மூடிவிட்டது. வழியில் உள்ளவரால் திருத்த முடியாது, பார்க்கவும் முடியாது. நெரிசல் எங்கே என்று டிசிபியின் ஒப்புகைகளைப் பார்த்துக் கண்டுபிடித்துவந்த வலையமைப்புப் பொறியாளர்களுக்கு இது கண்ணைக் கட்டியது போலாயிற்று. அவர்களும் நியாயமான கேள்வியே கேட்டார்கள்: பழுது பார்க்கும் வேலை எங்களுடையதாயிற்றே, எதைப் பார்த்துச் செய்வது?

தரக்குழுவில் நீண்ட வாதத்துக்குப் பின் ஒரே ஒரு பிட் அவர்களுக்குத் திறந்துவைக்கப்பட்டது. பொதி போய்வர ஆகும் நேரத்தை வெளியில் உள்ளவர் அளக்க உதவும் பிட் அது. முனைகள் விரும்பினால் மட்டும் பயன்படுத்தலாம். பயன்படுத்தும் நிரலும், தற்செயலாகத் தேர்ந்த 16 இணைப்புகளில் ஒன்றிலாவது அதை அணைத்துவைக்க வேண்டும் என்று தரம் விதிக்கிறது. அந்தரங்கம் கருதி அணைத்தவர் யார், தற்செயலாக அணைந்தது எது என்று நடுவில் உள்ளவர் பிரித்தறியக் கூடாது என்பதற்காக.